இழையைப் பிடித்துப் பொருள் காணல்: ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ‘லைன்’ என்பதும் ஒன்று. பெரிய அகராதிகளில் அது பத்தி பத்தியாக நீண்டு, கோடு, வரி, வரிசை, கயிறு, கம்பி, தடம், எல்லை, பரம்பரை, தொழில் என்று பொருள்களை அடுக்கிக்கொண்டே செல்வதால், தம் முன்னிருக்கும் வாக்கியத்துக்கு உரியது எது என்று தெரியாமல் மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் இடர்ப்படுகின்றனர். அத்தனை பொருளையும் மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. அவையெல்லாம் கிளைத்துவந்த வேரை அறிந்துகொண்டால், இதுவரை பார்த்திராத வாக்கியத்தில் அச்சொல் எதிர்ப்பட்டாலும் அதன் பொருளைக் கற்பவர் தாமே கண்டுகொள்வார். அந்த வேரை விளக்குவதற்குத் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலைப் போலப் பொருத்தமான ஊர் அரிது. ஏனெனில் அச்சொல்லின் வேர் நூல், அவ்வூரில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் நூல்.

வேர்

இலத்தீன் மொழியில் ‘லீனும்’ என்பது ஆளிச்செடியின் பெயர். ஆளி, தண்டிலிருந்து நார் தரும் செடி; அந்த நாரை நூற்று நெய்த துணிதான் ‘லினன்’, அதன் விதைதான் ஆங்கிலத்தில் ‘லின்சீட்’ எனப்படும் ஆளிவிதை. ஆளிநாரில் நூற்ற நூலை ‘லீனியா’ என்றனர். கட்டடம் கட்டுவோரும் நிலம் அளப்போரும் அந்த நூலை இரு முளைகளுக்கு இடையே விறைப்பாக இழுத்துக் கட்டி நேர் பார்த்ததால், நூலைக் குறித்த சொல் நாளடைவில் கோட்டையும் குறிக்கலாயிற்று. வடிவக்கணிதப் பாடத்தில் ‘அகலமற்ற நீளம்’ என்று விளக்கப்படும் ‘லைன்’, தொடக்கத்தில் கையால் தொட்டு, முடிச்சுப் போட்டு, அறுக்கக்கூடிய பொருளாக இருந்தது என்பதைக் கற்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தைத் ‘தறி செட்’ என்பார்கள். (இங்குள்ள ‘செட்’ கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’ என்பதன் பேச்சு வடிவம், தொகுதியைக் குறிக்கும் ‘செட்’ வேறு.) ஓடிக்கொண்டிருக்கும் தறியின் பின்புறம் நின்று பார்த்தால், பாவு உருளையிலிருந்து கிளம்பும் இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் பக்கம் பக்கமாக வந்து, விழுதின் கண்களுக்குள் நுழைந்து, மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிட்டு, அச்சின் பற்களுக்கு முன்னால் துணியாக மாறுவதைக் காணலாம். பாவு என்பது நீளவாக்கில் ஓடும் நூல். குறுக்கே நாடா கொண்டு செல்வது ஊடை. பாவில் ஓரிழை அறுந்துபோனதை உடனே கவனிக்கத் தவறினால், நெய்து வெளிவரும் துணியில் நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று விழுந்துகொண்டே போகும். ஆதலால் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த இரு முனைகளையும் தேடி எடுத்து, விரல் நுனியில் முடிந்து, விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்த பிறகே தறியை ஓட்டுகிறார். நூலுக்கும் கோட்டுக்கும் உள்ள உறவை இதைவிட நெருக்கத்தில் காட்டும் இடம் இல்லை.

தமிழும் இதே பாதையில் நடந்திருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், இலக்கண நூலுக்கு ஏன் ‘நூல்’ என்று பெயர் வந்தது என்பதை விளக்கும்போது, சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்பவராகவும் உருவகிக்கிறார். அடுத்து, மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் காட்டித் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை இலக்கண நூல் தீர்க்கும் என்கிறார். ஆங்கிலத்தில் ‘லைன்’ நூலிலிருந்து கோட்டுக்கும் எழுத்து வரிக்கும் சென்றது என்றால், தமிழில் ‘நூல்’ ஒரு புத்தகத்தையே குறிக்கும் அளவுக்குச் சென்றது. கொத்தனார் செங்கல் வரிசைக்கு ‘நூல் கட்டுகிறார்’. பிசகின்றி நேராக நடக்கும் செயலை ‘நூல் பிடித்தாற்போல’ என்கிறோம். தச்சரும் கொத்தனாரும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ‘ஒரு நூல்’ என்று அளக்கின்றனர். பழைய ஆங்கில அளவையிலும் ‘லைன்’ என்றோர் அலகு உண்டு. அது அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வாசலில் கோலமிடும் பெண்கள் கோட்டைக் கோடு என்று சொல்வதைவிட ‘இழை’ என்று சொல்வதே மிகுதி. ‘இரட்டை இழைக் கோலம்’ என்னும்போது மாவுக்கோடு நூலாகவே எண்ணப்படுகிறது.

ஆகவே ‘லைன்’ வரும் வாக்கியத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இங்கே நூல் என்ன செய்கிறது? அது ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு ஓடிச்செல்கிறதா, பலவற்றைக் கோத்து நிற்கிறதா, இரண்டுக்கு நடுவே கட்டப்பட்டு எல்லையாகிறதா, அல்லது தாளின்மேல் தன் தடத்தை மட்டும் பதித்திருக்கிறதா? இதற்கு விடை கிடைத்தால் தமிழ்ச்சொல் பெரும்பாலும் தானே வந்துவிடும்.

ஓடும் நூல்

ஆங்கிலம் படித்தறியாதவரும் நாள்தோறும் வழங்கும் பொருள் இதுவே. மின்தடை வந்ததும் ‘லைன் போயிட்டு’ என்பதும், கம்பம் ஏறிப் பழுது பார்ப்பவரை ‘லைன்மேன்’ என்பதும், தோட்டத்து மோட்டாருக்குப் ‘புது லைன் இழுப்பதும்’ இவ்வகையைச் சேர்ந்தவை. மின்வாரியத்தின் தமிழில் ‘மின்பாதை’ என்ற நல்ல சொல் உண்டு. ‘மின்பாதை ஆய்வாளர்’ என்ற பதவிப் பெயரும் அதிலிருந்து அமைந்ததே. இங்கே கற்பவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் ‘லைன்’ கம்பியையும் குறிக்கிறது, கம்பியில் வரும் மின்சாரத்தையும் குறிக்கிறது. ஆங்கிலத்திலோ அது கம்பியை மட்டுமே குறிக்கும். மின்சாரம் இல்லை என்பதை ஆங்கிலத்தில் சொல்ல விரும்புபவர் ‘நோ லைன்’ என்றால் கேட்பவர் தொலைபேசியைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ பேசுவதாக எண்ணிக்கொள்வார். ‘தி பவர் இஸ் அவுட்’ என்பதே அங்கு முறை.

தொலைபேசியில் இந்த இடர் இல்லை. ‘லைன்ல இருங்க’ என்பதும் ஆங்கிலத்தின் ‘ஹோல்ட் தி லைன்’ என்பதும் ஒரே பொருள் தருபவை. கம்பியே இல்லாத கைபேசிக் காலத்திலும் இரு மொழியும் அந்த நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் ‘ஹோல்ட் தி லைன்’ போர்ச் செய்தியில் வந்தால், அது ‘படை தன் நிலையை விட்டுப் பின்வாங்காமல் நிற்றல்’ என்ற வேறு பொருளுடையது. ‘ஹெல்ப்லைன்’ என்பதில் உள்ள ‘லைன்’ தொலைபேசி இணைப்புதான். அதைச் சிலர் ‘உதவிக் கோடு’ என்று பெயர்ப்பது சிறிதும் பொருந்தாது. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகியவற்றை ‘உதவி எண்’ என்று வழங்குவதே தெளிவு. இடருற்ற ஒருவர் அவசரத்தில் படிக்கும் சொல் அது என்பதால், இந்த இடத்தில் தெளிவுக்கு மேலாக எதையும் கருதக்கூடாது.

மருத்துவமனையில் செவிலியர் ‘லைன் போடணும்’ என்றால் சிரையில் ஊசி செலுத்தி மருந்து செல்ல வழி அமைப்பதைச் சொல்கிறார். மின்பணியாளர் அதையே சொன்னால் கம்பி இழுப்பது. இளைஞர் பேச்சில் அதே தொடர் ஒருவரின் மனத்தைக் கவர முயல்வதைக் குறிக்கும். இந்த மூன்றாம் பொருளுக்கு இணையாக ஆங்கிலம் காட்டுவது ‘சாதுரியமாகத் தயாரித்துவைத்த பேச்சு’ என்ற பொருளுள்ள ‘லைன்’ என்பதை மட்டுமே. தமிழிலோ இதற்கு நெடுங்காலமாக ஒரு தொடர் இருக்கிறது: ஒருவரின் உள்ளத்தை அறியச் சாடையாகப் பேசிப் பார்ப்பதை ‘நூல் விட்டுப் பார்த்தல்’ என்பார்கள். நூல் இருந்த இடத்தில் லைன் வந்து அமர்ந்தபோது படிமம் சற்றும் மாறாதது குறிப்பிடத்தக்கது.

போக்குவரத்தில் ‘லைன்’ வழித்தடம் ஆகிறது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் இராஜபாளையத்துக்கும் ஓடும் வழக்கமான பேருந்துகளை ‘லைன் பஸ்’ என்பது தமிழரின் ஆக்கம்; அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதக்கூடாது. மொத்த வணிகரின் கடையில் ‘அண்ணாச்சி லைனுக்குப் போயிருக்காவ’ என்று விடை வந்தால், அவர் கிராமக் கடைகளுக்குச் சரக்கு எடுத்துக்கொண்டோ வசூலுக்கோ குறித்த வழியில் சென்றிருக்கிறார் என்று கொள்ள வேண்டும். இந்த வழக்கிலிருந்து பிறந்ததே ‘லைன் வசூல்’. வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று தவணைக்கடனைத் திரட்டும் முறைக்கு அது பெயர். ஆங்கில ஆவணத்தில் வரும் ‘லைன் ஆஃப் கிரெடிட்’ இதனோடு தொடர்பில்லாதது. வங்கி ஒருவருக்கு, வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் கடன் வரம்பு அது.

தொடர்வண்டித் துறை இச்சொல்லை வழங்கும் முறை தனியே படிக்கத்தக்கது. விருதுநகரிலிருந்து இராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் பாதை ‘சிங்கிள் லைன்’, அதாவது ஒற்றைத் தடம்; இரு திசை வண்டிகளும் அந்த ஒரே தடத்தில் வருவதால், ஒன்று நிலையத்தில் விலகி நின்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. இதனை ‘ஒருவழிப்பாதை’ என்று பெயர்ப்பது பிழை மட்டுமன்று, பொருளையே தலைகீழாக்குவது. ஒருவழிப்பாதையில் எதிர்த்திசை வண்டி வரவே கூடாது, ஒற்றைத் தடத்திலோ வந்தே ஆக வேண்டும். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தடத்தில் வேறு வண்டி இல்லை என்று அடுத்த நிலையம் உறுதி கூறித் தரும் அனுமதி ‘லைன் கிளியர்’. அத்தொடர் நிலையத்தை விட்டு ஊருக்குள் வந்து, ‘தடை நீங்கிவிட்டது, இனிச் செல்லலாம்’ என்ற பொருளில் பத்திரப் பதிவு முதல் திருமணப் பேச்சு வரை வழங்குகிறது. சென்னைக்குப் பயணச்சீட்டு எடுப்போர் கேள்விப்படும் ‘கார்டு லைன்’ விழுப்புரத்தையும் திருச்சியையும் விருத்தாசலம் வழியாக இணைக்கும் குறுக்குப் பாதை. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக வளைந்து செல்வது ‘மெயின் லைன்’. வட்டத்தின் வளைவில் இரு புள்ளிகளை நேராக இணைக்கும் கோடு ஆங்கிலத்தில் ‘கார்டு’, தமிழ்க் கணிதத்தில் ‘நாண்’. நாண் வில்லில் கட்டிய கயிறு. ஆதலால் இங்கே ‘கார்டு’, ‘லைன்’ இரண்டுமே நூல்தான்.

கோத்த நூல்

மலர்களைக் கோத்த நூல்போல மனிதர் ஒருவர் பின் ஒருவராக நிற்பதும் ‘லைன்’. சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நாளில் கோமதி அம்மன் தவக்கோலம் காணக் கூடும் திரளைத் தன்னார்வலர்கள் ‘லைன்ல வாங்க’ என்று ஒழுங்கு செய்யும்போது, அது ‘வரிசை’. அமெரிக்கர் ‘ஸ்டாண்ட் இன் லைன்’ என்பர். பிரிட்டிஷார் ‘க்யூ’ என்பர். இந்திய ஆங்கிலம் இரண்டையும் ஏற்கிறது. ஆனால் இருக்கைகளோ செடிகளோ பக்கம் பக்கமாக அமைந்த வரிசையை ஆங்கிலம் ‘ரோ’ என்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘வரிசை’ ஒன்றே இருப்பதால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த இடத்தில் தடுமாற்றம் நேர்கிறது.

தலைமுறைகளைக் கோத்தால் ‘லைன்’ வம்சம் ஆகும். ‘அரச லைன்’ என்று எழுதத் தேவையில்லை. ‘கொடிவழி’ என்ற சொல் தமிழில் ஆயத்தமாக இருக்கிறது. துணி உலர்த்தக் கட்டும் கயிற்றையும் ‘கொடி’ என்றே வீட்டில் சொல்வதும், ஆங்கிலத்தில் அதுவும் ‘லைன்’ என்பதும் இரு மொழியின் மனமும் ஒரே பொருளைப் பார்த்தே பெயரிட்டிருப்பதைக் காட்டுகின்றன. வேலைகளைக் கோத்தால் தொழிற்சாலையின் ‘அசெம்ப்ளி லைன்’, அதாவது உற்பத்தித் தொடர். ஹென்றி ஃபோர்டு 1913இல் தம் கார் தொழிற்சாலையில் நகரும் தொடரை அமைத்தபோது, தொழிலாளர் இருந்த இடத்தில் இருக்க, வேலை அவரிடம் நகர்ந்து வந்தது. ‘அவர் எந்த லைன்ல இருக்கார்?’ என்று தொழிலைக் கேட்பது ஆங்கிலத்திலும் உள்ள வழக்கே. எழுத்துத் தமிழில் ‘துறை’ என்பது போதும்.

கட்டிய நூல்

இரு முளைகளுக்கு இடையே நூல் கட்டியதும் இப்பக்கம், அப்பக்கம் என்ற பிரிவு தோன்றுகிறது. கரிசல் காட்டில் அந்த வேலையை வரப்பு செய்கிறது. நில அளவைத் துறையின் புலப்படத்தில் கோடு செய்கிறது. புலத்தின் எல்லையைக் காட்டுவது ‘எஃப் லைன்’. புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதற்காக உள்ளே போடப்படுவது ‘ஜி லைன்’. பின்னதை எல்லை என்று மயங்கினால் வழக்கு வரை போகக்கூடும் என்பதால், படத்தைப் படிக்கும்போதே இவ்வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாடுகளுக்கு இடையே இழுத்த கோடுகள் அவற்றை வரைந்தவர் பெயரால் வழங்குகின்றன: 1893இன் டூராண்ட் கோடு, 1914இன் மக்மகான் கோடு, 1947இன் ராட்கிளிஃப் கோடு. இவற்றுக்குக் ‘கோடு’ சரி. 1972 சிம்லா உடன்பாட்டுக்குப்பின் வழங்கும் ‘லைன் ஆஃப் கண்ட்ரோல்’ என்பதற்குக் ‘கட்டுப்பாட்டுக் கோடு’ சரி. வருமானத்தை வைத்துப் பிரிக்கும் ‘வறுமைக்கோடு’ம் நிலைத்துவிட்டது. ஒழுக்கத்தைப் பற்றி வரும்போது ‘வரம்பு’ பொருந்தும். ‘கிராஸ் தி லைன்’ என்பதற்கு ‘வரம்பு மீறுதல்’ என்பதே நேரான தமிழ். ‘டிரா எ லைன் பிட்வீன்’ என்பதற்கோ கோடும் வேண்டாம், வரம்பும் வேண்டாம், ‘வேறுபடுத்துதல்’ போதும். சங்கரன்கோவில் கருவறையில் வலப்பாதி சங்கரனாகவும் இடப்பாதி நாராயணனாகவும் நிற்கும் ஒரே திருவுருவத்தில் ஒருபுறம் எங்கே முடிகிறது, மறுபுறம் எங்கே தொடங்குகிறது என்று வினவுபவரிடம் ஆங்கிலம் இத்தொடரைத்தான் நீட்டும். சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர், சங்கரனா நாராயணனா, யார் பெரியவர் என்று வாதிட்ட தலபுராணக் கதையைச் சொல்லும்போதும் ‘வேறுபாடு காணுதல்’ என்றால் எளிதில் விளங்கும். ‘கோடு வரைதல்’ என்றால் கேட்பவர் சுண்ணக்கட்டியை எண்ணுவார்.

‘டெட்லைன்’ என்ற சொல்லின் வரலாறு கொடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் சிறைமுகாமின் மதிலுக்கு உட்புறமாக ஒரு வேலி அமைத்து, அதைத் தாண்டும் கைதியைச் சுட்டுவிட வேண்டும் என்று காவலருக்கு ஆணையிட்டிருந்தனர். அந்த எல்லைக்கு ‘சாவுக்கோடு’ என்று பொருள்படும் பெயர் வந்தது. பின்னர் அச்சொல் செய்தித்தாள் அலுவலகத்துக்குள் புகுந்து, பணியை முடித்துத் தர வேண்டிய நேரத்தைக் குறித்தது. தமிழில் ‘கெடு’ அல்லது ‘காலக்கெடு’ என்பது குறையில்லாத சொல். கட்டளைக்கு அடங்கி நடத்தலைக் குறிக்கும் ‘டோ தி லைன்’ என்பதும் கட்டிய கோட்டிலிருந்தே வந்தது: போட்டியாளரோ படைவீரரோ கால்விரலைக் கோட்டின்மேல் வைத்து நிற்பதே அதன் மூலப்பொருள். ‘கட்டி இழுத்தல்’ என்ற பொருளுள்ள, அதே ஒலியுடைய வேறொரு சொல்லை இங்கே எழுதிவிடுவது ஆங்கிலம் நன்கறிந்தவரிடமும் காணப்படும் எழுத்துப்பிழை.

பதிந்த தடம்

எழுத்தைப் பொறுத்தவரை முக்கியமான விதி ஒன்று உண்டு. உரைநடையின் ‘லைன்’ வரி. செய்யுளின் ‘லைன்’ அடி. நாடகத்திலும் திரைப்படத்திலும் நடிகர் பேசும் ‘லைன்ஸ்’ வசனம். ‘ஷி ஃபர்காட் ஹெர் லைன்ஸ்’ என்பதை ‘வரிகளை மறந்தார்’ என்று பெயர்த்தால் பாடகியோ என்று ஐயம் எழும். ‘டிராப் மீ எ லைன்’ என்பதற்குக் ‘கடிதம் போடு’ என்பதே பொருள். செய்தியின் தலையில் ஊரையும் நாளையும் குறிப்பது ‘டேட்லைன்’. இதே ஓசையில் பசிபிக் பெருங்கடல் வழியாகச் செல்லும் பன்னாட்டு நாள் கோடும் உண்டு. கணக்கேட்டில் வரவு, செலவு அனைத்தையும் கழித்தபின் கடைசி வரியில் நிற்கும் நிகர இலாபம் ‘பாட்டம் லைன்’. பேச்சில் அது ‘முடிவாகச் சொல்லப்போனால்’ என்று ஆகும். உள்ளங்கையில் பதிந்தது மட்டும் ‘ரேகை’.

இவ்விடத்தில் ‘வரி’ என்ற தமிழ்ச்சொல் நினைவுக்கு வர வேண்டும். புலியின் உடம்பில் வரி, தாளில் வரி, அரசுக்குச் செலுத்துவதும் வரி. எனவே ‘வரி’யை ஆங்கிலமாக்கும்போதும் இங்கே சொல்லப்படும் அதே எச்சரிக்கை மறுதிசையில் தேவைப்படுகிறது.

நூல் தெரியாத தொடர்கள்

சில தொடர்களில் நூல் முற்றிலும் மறைந்துவிட்டது. அவற்றில் ‘லைன்’ இருப்பதையே மொழிபெயர்ப்பாளர் மறந்துவிட வேண்டும். ‘இன் லைன் வித்’ என்பது ‘ஏற்ப’ அல்லது ‘இணங்க’. ‘ஆன் தி லைன்ஸ் ஆஃப்’ என்பது ‘போல’ அல்லது ‘முறையில்’. ‘கைட்லைன்ஸ்’ என்பது ‘வழிகாட்டு நெறிமுறைகள்’. பதிவுத்துறையில் நிலத்தின் ‘கைட்லைன் வேல்யூ’ என்பதற்கு ‘வழிகாட்டி மதிப்பு’ என்று வழங்குவது முன்மாதிரியான ஆக்கம். கொரோனாக் காலத்தில் ‘ஃபிரண்ட்லைன் ஒர்க்கர்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் ‘முன்களப் பணியாளர்’ என்ற சொல் பரவியது. ‘லைன்’ என்பதைக் களமாகக் கண்ட அந்த அறிவு பாராட்டத்தக்கது. ‘ஆன்லைன்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் ‘இணையவழி’, இலங்கையில் ‘நிகழ்நிலை’, மலேசியாவில் ‘இயங்கலை’ என்று மூன்று சொற்கள் நிலவுகின்றன. எந்த நாட்டு வாசகருக்கு எழுதுகிறோமோ அந்நாட்டு வழக்கைப் பின்பற்றுவதே முறை.

வினைச்சொல்லாக ‘லைன்’ வரும்போது லினன் துணி திரும்பி வருகிறது. ஆடையின் உட்புறத்தில் லினன் வைத்துத் தைத்த வழக்கத்திலிருந்து, உட்புறம் போர்த்துதல் என்ற பொருள் பிறந்தது. தையற்கடையில் ரவிக்கைக்கு ‘லைனிங் துணி’ கேட்பது அதுவே. ‘லைன் ஒன்ஸ் பாக்கெட்ஸ்’ என்றால் முறைகேடாகச் சம்பாதித்துத் தன் பையை நிரப்பிக்கொள்ளுதல்.

லயம்

பட்டாளத்தார் கூடாரங்களையும் குடில்களையும் வரிசையாக அமைத்ததால் அவர்கள் குடியிருப்பு ‘லைன்ஸ்’ ஆயிற்று. ‘போலீஸ் லைன்’, ‘லைன் வீடு’ ஆகியவை அதன் எச்சம். இப்பொருள் தமிழில் மிக ஆழமாக வேரூன்றிய இடம் மலைத்தோட்டங்கள். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற குடும்பங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும், ஒரே கூரையின்கீழ்ச் சுவருக்குச் சுவர் ஒட்டிக் கட்டிய அறைகளில் குடியமர்த்தப்பட்டன. ஆங்கிலேயர் ‘லைன்’ என்றதைத் தொழிலாளர் ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் சொல்லினர். இன்று மலையகத் தமிழில் அது கடன்சொல் என்ற நினைவே இல்லாமல் வழங்குகிறது. ‘மேட்டு லயம்’, ‘பணிய லயம்’ என்று அதற்கு அடைமொழிகள் சேர்ந்து, முகவரியாகவே ஆகிவிட்டது.

கேரளத்தின் மூணாறு மலையிலும் அதே பெயர்தான். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தபோது 70 பேர் மாண்டனர். அவர்களில் பலர், சங்கரன்கோவிலிலிருந்து தொலைவில் இல்லாத கயத்தாறு பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர். ஆங்கிலச் செய்தியில் வீடுகளின் ‘லைன்ஸ்’ மண்ணில் புதைந்தன என்று வந்ததை ‘வரிசைகள்’ என்றோ ‘வரிசை வீடுகள்’ என்றோ பெயர்த்தால் சொற்பொருள் வந்துவிடும். அந்த அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் தம் வீட்டுக்குச் சூட்டிய பெயர் வராது. தோட்ட நிலத்தில் உரிமையில்லாமல், வேலை இருக்கும்வரை மட்டுமே இருக்கக்கூடிய குடியிருப்பு என்ற செய்தியும் ‘லயம்’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகையால் தோட்டத்தைப் பற்றிய எழுத்தில் ‘லைன் ரூம்’ என்பது வந்தால் அதனை ‘லயம்’ என்றே எழுதி, முதன்முறை வரும் இடத்தில் மட்டும், தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தோட்ட நிருவாகம் வரிசையாகக் கட்டிய ஒட்டு அறைகள் என்று ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும்.